சென்னைக் காற்றுக்கு எந்த சோபா?

தி. நகரிலோ ராயப்பேட்டையிலோ ஒரு கடைக்குள் நுழைந்து சோபா பார்ப்பவர்கள் முதலில் உட்கார்ந்து பார்ப்பார்கள், பிறகு விலை கேட்பார்கள், அதற்கும் பிறகு நிறம் வீட்டுச் சுவருக்கு எடுக்குமா என்று யோசிப்பார்கள். கடையில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். அந்த உலர்ந்த குளிர்ச்சியில் எந்த சோபாவும் சுகமாகத்தான் இருக்கும். அது மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ ஒரு வீட்டுக் கூடத்துக்கு வந்து, கத்திரி வெயிலையும் ஐப்பசி அடைமழையையும் பார்த்த பிறகுதான் உள்ளே இருக்கும் சரக்கு என்னவென்று தெரியவரும். மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ தலை சாயும் இடத்தில் மேற்பூச்சு வெடிக்கும். அடுத்து கைப்பிடி. காலையில் வீடு கூட்டும்போது பழுப்புச் செதில்கள் துடைப்பத்தோடு வரும். உட்கார்ந்து எழுந்தவரின் வேட்டியிலும் ஒட்டியிருக்கும்.

ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்வது வழக்கம். அந்தக் குறை பெரும்பாலும் அவர்கள் மேல் இல்லை. யாருமே உட்காராமல் துணி போட்டு மூடி வைத்திருந்தாலும் அந்த சோபா உரிந்திருக்கும். காரணம், இந்த ஊர்க் காற்றில் இருக்கும் தண்ணீர்.

கடலை ஒட்டிய ஊர் என்பதால் சென்னையில் ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. கோடையில்கூட மாலைக் கடற்காற்று ஏறியதும் ஈரம் கூடும். வெப்பமும் அதனோடு சேர்ந்துகொள்ளும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஈரமும் சூடும் சேர்ந்த இந்தக் காற்றில் மரம், துணி, ஃபோம், தோல், இரும்பு எல்லாமே தத்தம் வழியில் மாறுகின்றன. ஆகவே சோபா வாங்குவதில் நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: இதற்குள் ஈரம் போகத்தான் போகிறது, போன ஈரம் வெளியே வர வழி இருக்கிறதா?

உரிகிற சோபாவிலிருந்தே தொடங்கலாம். கடையில் ‘லெதரெட்’ என்றும் ‘பியூ லெதர்’ என்றும் சொல்வது ஒரு துணியின் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாகப் பூசியது. மிருகத் தோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாலியூரித்தேனை 1937இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பாயரும் அவர் குழுவினரும் உருவாக்கினார்கள். அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறில் விறைப்பான பகுதியும் வளையும் பகுதியும் மாறி மாறி வரும். விலை மலிவான வகைகளில் வளையும் பகுதி பாலியெஸ்டரால் ஆனது. தொல்லை அங்கேதான்.

பாலியெஸ்டரைக் கட்டிப்போடுவது எஸ்டர் பிணைப்பு. ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேரும்போது இடையில் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி அந்தப் பிணைப்பு உண்டாகிறது. வெளியேறிய நீர் திரும்பி வந்தால், பிணைப்பு அறுந்து மறுபடியும் அமிலமும் ஆல்கஹாலுமாகப் பிரிந்துவிடும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். இப்படி உண்டாகும் அமிலம் அடுத்த பிணைப்பு அறுவதையும் வேகப்படுத்தும். அதனால்தான் இரண்டு மூன்று வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரு மழைக்காலத்தில் மொத்தமாக உரிய ஆரம்பிக்கிறது. அலமாரியில் போடாமல் வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம் பொடிப் பொடியாக உதிர்வதும் இதே வினைதான். சூடு ஏற ஏற வினையின் வேகமும் ஏறும். குளிரான வறண்ட ஊரில் பத்து வருடம் தாங்கும் அதே சரக்கு இங்கே அதில் பாதிகூடத் தாங்காது. பாலியீதர், பாலிகார்பனேட் வகைப் பூச்சுகள் ஈரத்தை நன்றாகவே தாங்கும். ஆனால் நம் கடைகளில் எது எந்த வகை என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது.

பழைய ரெக்சின் என்று நாம் சொல்வது இப்போது பெரும்பாலும் பிவிசி பூச்சு. அது நீராற்பகுப்பில் அழியாது. அதற்கு வேறு வியாதி. பிவிசி இயல்பில் கடினமான பிளாஸ்டிக். அதை வளைய வைக்க எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டியைக் கலப்பார்கள். அந்த மென்மையூட்டி மெல்ல மெல்ல வெளியேறும், எண்ணெய் பட்டால் இன்னும் சீக்கிரம் இழுக்கப்பட்டுவிடும். தேங்காயெண்ணெய் தடவிய தலை தினமும் சாயும் இடம் முதலில் விறைத்து வெடிப்பது இதனால்தான். தலை படும் இடத்தில் ஒரு பருத்தித் துண்டு விரிக்கும் பாட்டிமார் வழக்கத்தில் நல்ல வேதியியல் இருக்கிறது.

அப்படியானால் உண்மையான தோல்? இங்கே சென்னைக்காரர்கள் பெருமையோடு தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. தோலின் உறுதி கொலாஜன் என்ற புரதத்தால் வருவது. அதன் வடிவம் என்ன என்பது 1950களின் தொடக்கத்தில் உலகின் பெரிய ஆய்வகங்களுக்கே பிடிபடாத புதிர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு 1952இல் தலைமையேற்ற ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது ஏறக்குறைய 30 வயது. பக்கத்திலேயே அடையாற்றில், 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கொலாஜன் மாதிரிகள் கிடைத்தன. கங்காரு வால் தசைநாணிலிருந்து எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்களும் உதவின. 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ‘நேச்சர்’ இதழில் தங்கள் விடையை வெளியிட்டார்கள்: கொலாஜன் என்பது மூன்று சங்கிலிகள் சேர்ந்த ஒரு மூவிழைக் கட்டமைப்பு. அடுத்த ஆண்டு, அந்த மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று கயிறு போல முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். சங்கிலிகள் மூன்றும் நெருங்கி நிற்க, ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தாக வேண்டும். கொலாஜனில் கிளைசின் ஏன் சரியாக மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது என்பதற்கும் அதோடு விடை கிடைத்தது.

பச்சைத் தோலில் இந்த இழைகள் ஏறக்குறைய 60, 65 டிகிரிச் சூட்டில் சுருங்கிவிடும். ஈரத்தில் பாக்டீரியா தின்றுவிடும். பதனிடுதல் என்பது இழைக்கும் இழைக்கும் இடையே குறுக்குப் பிணைப்புகள் போடுவது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தமிழகத்தில் தலைமுறைகளாகச் செய்த பதனிடுதல் அதையே செய்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்பு முறை மதராஸுக்கு வந்தது. 1912இல் ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரம் பக்கம் தொடங்கிய குரோம் லெதர் ஆலை அதில் பேர்போனது. குரோமியத்தால் பதனிட்ட தோல் கொதிக்கும் தண்ணீரின் சூட்டைக்கூடத் தாங்கும். ஆகவே நல்ல தோல் சோபாவை நம் ஊர்க் காற்று லெதரெட்டைப் போல உரித்துவிட முடியாது. ஆனால் கார்த்திகை மாதம் பூட்டிய அறையில் வைத்தால் பூஞ்சணம் பூக்கும். வாரத்தில் ஒருமுறை காய்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்று பட வைக்க வேண்டும். விலையும் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அதைவிட முக்கியம், தோல் என்ற பெயரில் விற்பதெல்லாம் தோல் அல்ல. தோல் தூளைப் பசையில் குழைத்துத் தகடாக்கிய ‘பாண்டட் லெதர்’ லெதரெட் மாதிரியேதான் உரியும். சோபாவைக் கவிழ்த்து, மடிப்பின் அடிப்பக்கம் பாருங்கள். பின்னிய துணி தெரிந்தால் பூச்சு. நார் நாராக, ஒழுங்கில்லாத இழைகள் தெரிந்தால் தோல்.

மேலே போர்த்தியது போகட்டும். நாம் உட்காருவது ஃபோமின் மேல். அதுவும் பாலியூரித்தேன்தான். அதைச் செய்யும்போது கலவையில் கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பார்கள். தண்ணீரும் ஐசோசயனேட்டும் வினைபுரிந்து கரியமில வாயு குமிழிகளாகப் பொங்கி வரும். குமிழிகளின் சுவர்கள் திறந்துகொண்டால் மெத்தென்ற ஃபோம். உட்காரும்போது காற்று வெளியேறுவதும் எழுந்ததும் உள்ளே வருவதும் இந்தத் திறந்த அறைகள் வழியாகத்தான். ஈரம் நுழைவதும் அதே வழியாகத்தான். ஃபோமின் சங்கிலிகளைப் பிடித்து நிறுத்தும் ஹைட்ரஜன் பிணைப்புகளை நீராவி தளர்த்திவிடும். அதனால் ஈரக் காற்றில் ஃபோம் கொஞ்சம் தளர்ந்து, அமுங்கிய இடம் முழுதாக மேலே எழும்பாமல் நின்றுவிடுகிறது. டிவிக்கு நேராக இருக்கும் குஷனில் குழி விழுவது எடையால் மட்டும் நேர்வதல்ல.

கடையில் ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ அல்லது 40 கிலோ என்று அர்த்தம். அழுத்தினால் எவ்வளவு கடினம் என்பது வேறு கணக்கு. மென்மையாகவும் அடர்த்தியாகவும் ஃபோம் செய்யலாம். கடினமாகவும் லேசாகவும் செய்யலாம். ஆயுளைத் தீர்மானிப்பதில் அடர்த்திக்குத்தான் பெரிய பங்கு. இதை நீங்களே சோதிக்கலாம். உறையின் ஜிப்பைத் திறந்து ஃபோமை வெளியே எடுத்து, பெட்டி தூக்கிப் பார்க்கும் கைத் தராசில் மாட்டுங்கள். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், ஐந்து அங்குல கனம் உள்ள குஷன் 32 டென்சிட்டி என்றால் சுமார் ஒன்றரை கிலோ இருக்க வேண்டும். 40 என்றால் ஏறக்குறைய 1.9 கிலோ. 850 கிராம் காட்டினால் அது 18தான். ஒரு வருடத்தில் பள்ளம் விழும். இதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. சுண்ணாம்புத் தூளைக் கலந்து எடையை ஏற்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஃபோமைக் கையால் நன்றாக அழுத்தி விட்டால் சோம்பலாக எழும்பும். நல்ல ஃபோம் சட்டென்று எழும்பும். ஜிப்பே இல்லாமல் தைத்து மூடியிருந்தால்? அந்த சோபாவை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஃபோம் வருவதற்கு முன் நம் வீட்டு மெத்தைகளில் இருந்தது இலவம்பஞ்சு. தேனி மாவட்டத்து போடிநாயக்கனூர் அதன் வியாபாரத்துக்குப் பேர் வாங்கிய ஊர். இலவம் இழை ஒரு மெழுகுப் பூச்சு உள்ள வெற்றுக் குழாய். உள்ளே பெரும்பகுதி காற்றுதான். தண்ணீர் லேசில் ஒட்டாது, வெயிலில் போட்டால் மறுபடி உப்பும். உட்காரும் குஷனுக்கு அது போதாது, கட்டி தட்டிவிடும். சாயும் தலையணைக்கு இன்றும் அதற்கு நிகர் இல்லை.

இனி எலும்புக்கூடு. சோபாவின் உள்ளே என்ன மரம் என்று கேட்டால் ‘கட்டை நல்ல கட்டை சார்’ என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். தேக்கு ஏன் தேக்கு என்பதற்குக் காரணம் அதன் வைரப் பகுதியில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசையும் குயினோன் வகை வேதிப்பொருள்களும். கரையானும் பூஞ்சையும் அவற்றை விரும்புவதில்லை. ஆனால் அதே தேக்கின் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியில் இந்தப் பாதுகாப்பு இல்லை. மாவுச்சத்து உள்ள அந்த வெள்ளையைத் தின்னும் வண்டு மரத்தை உளுக்க வைத்து மாவாக உதிர்த்துவிடும். அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிர் பட்டைகள் தெரியும். பால் வடிப்பு ஓய்ந்த ரப்பர் மரமும் இப்போது நிறைய வருகிறது. அதில் மாவும் சர்க்கரையும் அதிகம். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்தியிருந்தால் மட்டும் வாங்கலாம். பிளைவுட் என்றால் எம்.ஆர். முத்திரையா, பி.டபிள்யூ.ஆர். முத்திரையா என்று பார்க்க வேண்டும். முதலாவதில் யூரியா பசை, ஈரத்தில் விட்டுப்போகும். இரண்டாவதில் பீனால் பசை, கொதிநீரையும் தாங்கும். மரத்தூள் பலகையோ ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பினால் பழைய அளவுக்குத் திரும்பாது.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. நம் வீடுகளில் தினமும் தரையை ஈரத் துணியால் துடைக்கிறோம். மரக்காலின் அடிப்பக்கம் என்பது மரத்தின் குழாய்கள் எல்லாம் திறந்து கிடக்கும் வெட்டுமுகம். அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மேலே உறிஞ்சும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்தால் பூஞ்சை குடியேறும், கரையானுக்கும் அது அழைப்பு. காலுக்கு அடியில் ரப்பர் புஷ் அடிப்பதற்குச் சில ரூபாய்தான் ஆகும். தரையோடு தரையாகப் படிந்து உட்காரும் பெட்டி சோபா எவ்வளவு அழகாக இருந்தாலும் தரைத்தள வீடுகளுக்கு வேண்டாம். அரையடி இடைவெளி இருந்தால் காற்று ஓடும், துடைப்பம் போகும், கரையான் மண் கோடு போட்டால் கண்ணுக்கும் தெரியும்.

பெசன்ட் நகர், சாந்தோம், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்கு உப்பு ஒரு தனிப் பிரச்சினை. கடற்காற்றில் வரும் உப்புத் துகள் ஸ்பிரிங்கின் மேல் படியும். சாதாரண உப்புக்கு ஒரு குணம்: ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். சென்னை இரவுகள் அந்தக் கோட்டுக்கு மேலேயே இருப்பவை. ஆக, மழை படாத கூடத்துக்குள்ளும் இரும்பு இரவுதோறும் உப்புத் தண்ணீரில் நனைகிறது. ஸ்பிரிங்கும் ஸ்டேபிள் பின்னும் துருப்பிடித்து, ஒரு நாள் உட்காரும்போது அடியில் ‘டங்’ என்ற சத்தம் கேட்கும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள் ஸ்பிரிங்கைத் தவிர்த்து, எலாஸ்டிக் பெல்ட்டோ மரச் சட்டமோ கேட்டு வாங்குவது நல்லது.

துணி சோபாவுக்கு வருவோம். இழைத் துணி காற்றை விடும், வியர்வையை வாங்கும், உரியாது. ஆனால் அதில் குடியிருக்க ஒருவர் வருவார்: தூசிப் பூச்சி என்னும் கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணி வகை உயிர். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துணுக்குகளே அதற்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சி வாழ்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் வற்றிச் செத்துப்போகும். சென்னையில் அந்தப் பயமே அதற்கு இல்லை. அதன் எச்சத்தில் உள்ள புரதம் பல குழந்தைகளுக்குத் தும்மலையும் இழுப்பையும் கிளப்பும். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால், உறையைக் கழற்றி 60 டிகிரி வெந்நீரில் துவைக்க முடியுமா என்பதே துணி சோபாவுக்கான முதல் தகுதி. மொட்டை மாடி வெயில் ஃபோமை உலர்த்தித் தரும். அதிக நேரம் வேண்டாம், புற ஊதாக் கதிர் ஃபோமை மஞ்சளாக்கி நொறுங்க வைக்கும்.

உட்காருபவரின் உடம்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. வெளிக்காற்றும் உடம்பின் சூட்டுக்கு வந்துவிட்ட மே மாத மதியத்தில் அந்த வெப்பம் போக ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு கிராம் வியர்வை ஏறக்குறைய 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துப் போகும். மணிக்கு 150 கிராம் ஆவியானால் கணக்கு சரியாகும். பிளாஸ்டிக் பூசிய சோபா முதுகையும் தொடையையும் அடைத்துவிடுகிறது. வியர்வை வழியும், ஆவியாகாது. பிரம்பு பின்னிய இருக்கையும், வயர் நாற்காலியும், கேன்வாஸ் சாய்வு நாற்காலியும் இந்த ஊரில் இத்தனை காலம் நிலைத்ததற்கு இந்த இயற்பியல்தான் காரணம். மின்விசிறிக் காற்று அவற்றின் வழியே முதுகைத் தொடும். இவற்றைப் பழசு என்று ஒதுக்கியது நாம் செய்த நஷ்டம் என்பது என் எண்ணம்.

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு தெருமுனைகளில் குவிந்த குப்பையில் சோபாக்களும் மெத்தைகளும் கிடந்தன. திறந்த அறைகள் உள்ள ஃபோம் சாக்கடை கலந்த வெள்ளத்தைக் குடித்தால் அதன் நடுப்பகுதி நாள் கணக்கில் காயாது. தைத்து மூடிய சோபாவில் கேட்கவே வேண்டாம், ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். தேக்குச் சட்டமோ கழுவி நிழலில் உலர்த்தினால் மீண்டுவிடும். குஷனை மட்டும் மாற்றினால் போதும்.

நெருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபோம் பற்றினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த கரும்புகை சில நிமிடங்களில் அறையை நிறைக்கும். 1979இல் மான்செஸ்டர் வுல்வொர்த்ஸ் கடையில் ஃபோம் வைத்த இருக்கைகள் பற்றியெரிந்து 10 பேர் இறந்தார்கள். 1988இல் பிரிட்டன் சோபா, மெத்தைகளுக்கென்றே கடுமையான தீப்பாதுகாப்பு விதிகள் கொண்டுவந்தது. அகல் விளக்கும் கொசுவத்திச் சுருளும் சோபா பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

நடுத்தரக் குடும்பம் ஒன்று என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். திறந்த மரச் சட்டம், தனியாக எடுக்கக்கூடிய குஷன், 40 டென்சிட்டி ஃபோம், ஜிப் வைத்த கெட்டிப் பருத்தி உறை இரண்டு ஜோடி, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி. புதுத் தேக்குக்குக் காசு போதாதென்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சட்டம் தேடலாம். பல வருடம் இந்த ஊர்க் காற்றைத் தாங்கிய மரம் இனியும் தாங்கும். உளுத்த துளை இருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பாருங்கள்.

எங்கே வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். என்ன மரம், எந்தப் பிளைவுட், ஃபோம் எத்தனை டென்சிட்டி, மேலே போர்த்தியது தோலா, பிவிசியா, பியூவா என்று நான்கையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.